பாடியிலிருந்து புளியரைக்கு

உள்ளங்கையில் அடங்கும். அழுத்தி வளைத்த தகட்டில் ஒரு வட்டத் தலை, அதற்கு இரண்டு காது, அடியில் ஒரு சுருள்வில், வில்லின் முனையில் கறுப்பு ரப்பர் வளையம், வளையத்தின் நடுவே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சின்ன வட்டு. தலையில் 0.9 என்றோ 1.1 என்றோ ஓர் எண் பதித்திருக்கும். ஸ்பேர்ஸ் கடையில் ரேடியேட்டர் மூடி என்று கேட்டால் எடுத்து மேசையில் போடுவார்கள். பெரும்பாலான கார்களுக்குச் சில நூறு ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும்.

தென்காசிப் பக்கத்துச் சுரண்டையிலிருந்து குடும்பத்தோடு ஆரியங்காவுக்கோ கொல்லத்துக்கோ புறப்படுகிறவர் டயரில் காற்றுப் பார்ப்பார், டீசல் நிரப்புவார், முன்பக்கம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுவார். இந்த மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பியவரை நான் அதிகம் கண்டதில்லை. செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டி, மலைப்பாதையின் எஸ் வளைவில் முன்னால் ஒரு சரக்கு லாரி ஊர்ந்துகொண்டிருக்கும். பின்னால் இவர் கார் இரண்டாவது கியரில் முனகும். ஏசி முழு வேகத்தில் ஓடும். வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொடும்போதுதான் பானட்டுக்குள் இப்படி ஒரு உலகம் இருப்பதே நினைவுக்கு வரும். அப்போது திட்டு வாங்குவது கார் கம்பெனி, எஞ்சின், ரேடியேட்டர், கடைசியாக சர்வீஸ் பார்த்த மெக்கானிக். மூடி எப்போதும் தப்பித்துக்கொள்ளும்.

அதன் பூர்வீகம் காரைவிடப் பழையது. டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு பானையைக் காட்டினார். எலும்பையும் மெத்தென்று வேகவைக்கும் பானை. மூடியை இறுக்கி ஆவியை உள்ளேயே அடைத்தால் அழுத்தம் ஏறும்; அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் அதற்கு மேலும் சூடாகும். அளவு மீறினால் பானை வெடித்துவிடுமே என்று, எடை தொங்கவிட்ட ஒரு வால்வையும் அவர் அதில் சேர்த்தார். நம் அடுப்படிக் குக்கர் அதன் நேர் வாரிசு. ரேடியேட்டர் மூடி பங்காளி முறை.

கார் பிறந்த காலத்தில் இந்தப் பங்காளிக்கு அங்கே இடமில்லை. கார்ல் பென்ஸின் 1886-ஆம் ஆண்டு வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்ரோலை எரித்துக் கிடைக்கும் சூட்டில் சக்கரத்துக்குப் போவது சிறு பகுதிதான். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறும், கிட்டத்தட்ட அதே அளவு எஞ்சின் உலோகத்தில் ஏறித் தண்ணீருக்கு வந்து சேரும். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதற்கு ஒழுங்கான விடை தந்தவர் வில்ஹெல்ம் மைபாக். 1900-ன் இறுதியில் உருவான 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காருக்கு, ஆறு மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070-ஐச் சேர்த்துப் பற்றவைத்துத் தேன்கூடு ரேடியேட்டரைச் செய்தார். தண்ணீர் குறைவு, காற்றுப் படும் பரப்பு அதிகம். இன்று நம் கார்களின் மூக்கில் இருப்பதும் அடிப்படையில் அதுதான். ஆனாலும் அந்த ரேடியேட்டரின் வாயை மூடியது வெறும் திருகுமூடி. தண்ணீர் சிதறாமல் இருக்க அது போதும். அழுத்தம் என்ற பேச்சே இல்லை.

அந்தத் திருகுமூடிக் காலத்தில்தான் நம் பக்கத்துக்கு மோட்டார் வந்தது. கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் நம் பக்கத்து மனிதர். திருநெல்வேலிச் சீமையில் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார், மதுரையை மையமாக வைத்து மோட்டார் தொழிலில் இறங்கினார். டி.வி.எஸ் நிறுவனம் தன் வயதை 1911-லிருந்து எண்ணுகிறது. தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவர் விட்ட பஸ், குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் போன சாலையில் நேரம் தவறாமல் ஓடியதற்காகப் பேசப்பட்டது. அந்தக் காலத்து பஸ்ஸில் தண்ணீர் ஊற்றும் வாளி டிரைவரின் கையோடு போன உறுப்பு. மலைப்பாதையில் ஊற்று கண்ட இடமெல்லாம் வண்டி நிற்கும். பயணிகள் இறங்கி வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் ரேடியேட்டர் நிரம்பிவிடும். யாரும் அதைக் கோளாறு என்று நினைக்கவில்லை.

அழுத்த மூடி கார்களில் பரவியது அதற்குப் பிறகு, எஞ்சின்கள் சிறுத்து வேகம் கூடியபோது. கணக்கு எளிது. மூடியின் வில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தம் வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தால், உள்ளே வெறும் தண்ணீரே 118 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் 125-ஐ ஒட்டிப் போகும். எஞ்சினோ 90, 95 டிகிரியில் ஓட வேண்டியது. அந்த இடைவெளிதான் மலை ஏற்றத்தில் நமக்குக் கிடைக்கும் அவகாசம். அதைத் தருவது ரேடியேட்டர் அல்ல, ஃபேன் அல்ல, அந்த வில்.

மூடியின் கதை இங்கே மறுபடி டி.வி.எஸ் குடும்பத்துக்கு வருகிறது. சுந்தரம் அய்யங்காரின் பேரன் சுரேஷ் கிருஷ்ணாவின் தலைமையில் 1962-ல் பதிவான சுந்தரம் ஃபாசனர்ஸ், 1966-ல் சென்னை பாடியில் உற்பத்தியைத் தொடங்கியது. போல்ட்டும் நட்டும் செய்கிற கம்பெனி. உயர்ந்த லட்சியம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை, போல்ட் போல்ட்தான். ஆனால் ஒரே மாதிரி போல்ட்டை லட்சக்கணக்கில், ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாமல் செய்வது எப்படி என்பதை அங்கே பிடிவாதமாகக் கற்றார்கள். 1990-ல் இந்தியப் பொறியியல் நிறுவனங்களில் முதலாவதாக ஐஎஸ்ஓ 9000 தரச் சான்றிதழ் பெற்றது இந்தக் கம்பெனி.

அதையடுத்த ஓரிரு ஆண்டுகளில் நம் மூடிக்குப் பெரிய இடப்பெயர்ச்சி நேர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் பிரிட்டனில் வைத்திருந்த ரேடியேட்டர் மூடி உற்பத்தி வரிசையைக் கைவிட முடிவு செய்தது. சுந்தரம் ஃபாசனர்ஸ் அந்த வரிசையை அப்படியே விலைக்கு வாங்கி, பிரித்துக் கட்டிக் கப்பலேற்றிச் சென்னையில் கொண்டுவந்து நிறுத்தியது. இறக்குமதி என்றாலே உயர்வு என்று நம்பிய காலம் அது. வெள்ளைக்காரன் ஊரிலிருந்து எந்திரம் வந்தது, அதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் செய்த மூடி திரும்ப அமெரிக்கக் கார்களின் ரேடியேட்டருக்குப் போனது. 1996-லிருந்து தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ஜெனரல் மோட்டார்ஸின் சிறந்த சப்ளையர் விருது இந்தக் கம்பெனிக்குக் கிடைத்தது. பத்திரிகைகள் அந்த விருதைப் பற்றி நிறைய எழுதின. எனக்கு விருதைவிட அந்த எந்திரங்கள் கப்பலில் வந்த பெட்டிகள்தான் சுவாரசியம். ஒரு ஊர் வேண்டாம் என்று ஒதுக்கிய எந்திரங்களை இன்னொரு ஊர் ஆணி ஆணியாகப் பிரித்துக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறது. வரிசை ஊர்மாறும்போது ஓரிடத்தில் வேலை வரும், இன்னோரிடத்தில் போகும். அதையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

சரி, இவ்வளவு பிரயாசை எதற்கு? மூடி என்ன, சாராயக் குப்பி மூடியா, தகட்டை அழுத்தினால் ஆயிற்றே என்று தோன்றலாம். மூடிக்குள் இரண்டு வால்வு இருக்கிறது. எஞ்சின் சூடாகி உள்ளிருக்கும் நீர் விரியும்போது, அழுத்தம் குறித்த எண்ணைத் தொட்டதும் பெரிய வால்வு வில்லை அழுத்திக்கொண்டு எழும்பும். உபரி நீர் கழுத்தின் பக்கக் குழாய் வழியாகக் கூலன்ட் டப்பாவுக்குப் போகும். வண்டியை நிறுத்தி எஞ்சின் ஆறும்போது உள்ளே நீர் சுருங்கி வெற்றிடம் உண்டாகும். அப்போது நடுவிலிருக்கும் சின்ன வட்டு கீழே இறங்கி வழிவிட, டப்பாவுக்குப் போன நீர் ரேடியேட்டருக்கே திரும்பும். ஒரு நாளைக்கு நாலு முறை வண்டியெடுத்தால் நாலு முறையும் இது நடக்கும். வில் தளர்ந்தாலோ, ரப்பர் காய்ந்து கல்லானாலோ, சின்ன வட்டில் உப்புப் படிந்தாலோ இந்தப் போக்குவரத்து கெடும். குறித்த அழுத்தத்துக்கு முன்பே திறக்கும் மூடியில் நீர் சீக்கிரம் கொதிக்கும். குறித்த அழுத்தத்தைத் தாண்டியும் திறக்காத மூடியில் ஹோஸ் வெடிக்கும், இல்லை ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி விளிம்பில் பிளக்கும். வில்லின் விறைப்பு, ரப்பரின் பதம், தகட்டின் உயரம் மூன்றும் மூடிக்கு மூடி மாறாமல் இருக்க வேண்டும். போல்ட் கம்பெனிக்காரர்கள் இதில் தேறியது தற்செயல் அல்ல.

இனி நம் ஊர். சுரண்டையைச் சுற்றிலும் தோட்டப் பயிர், காற்றாலை, கிழக்கே வானம் பார்த்த பூமி, மேற்கே மலை. காய்கறி மூட்டை ஏற்றிய வண்டிகள் மலையைத் தாண்டிக் கேரளம் போகும். லாரி போக, இன்று இந்த வேலையில் பாதியைச் செய்வது குட்டி யானை. 2005-ல் டாடா ஏஸ் என்ற பெயரில் வந்த அந்த வண்டிக்கு 702 சிசி அளவில் இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். அதில் ஏற்றும் பாரத்தைப் பார்த்தால் யானையே கோபப்படும். அத்தனை பாரத்தோடு புளியரை ஏறும் ஒரு வண்டியில் மூடி ஒழுங்காக இருக்கிறதா இல்லையா என்பது தக்காளி விலையைத் தீர்மானிக்கும் விஷயம்.

இந்தப் பகுதி மெக்கானிக்குகளுக்கு ஒரு வசதி உண்டு. நோயைக் கண்டுபிடிக்கும் கருவி சாலையிலேயே கிடக்கிறது. வண்டி சூடாகிறது என்று வருகிறவரிடம், கை கழுவிக்கொண்டே கேட்பார்கள்:

“அண்ணாச்சி, குத்தாலத்துக் கூட்டத்துல நிக்கையில சூடாவுதா, இல்ல நாலு வழிச் சாலைல வெரட்டிப் போகையில சூடாவுதா?”

இந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சாரல் நாட்களில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே வண்டிகள் அடிமேல் அடிவைத்து நகரும். காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகாது. ஃபேன் இழுத்தால்தான் உண்டு. அங்கே சூடாகி, சாலை காலியானதும் முள் இறங்கினால் சந்தேகம் ஃபேன் மீது. ஏசி போட்டால் ஃபேன் சுற்றுகிறது, ஏசியை அணைத்தால் எஞ்சின் எவ்வளவு சூடானாலும் சுற்றவில்லை என்றால் மோட்டார் நல்லது. சூட்டை உணரும் சென்சாரிலோ ரிலேயிலோ பார்க்க வேண்டும். இரண்டிலும் சுற்றவில்லை என்றால் பியூஸிலிருந்து தொடங்கலாம். நேர்மாறாக, நெரிசலில் ஒன்றுமில்லை, திருநெல்வேலிச் சாலையில் 100-ல் போகும்போது முள் ஏறுகிறது என்றால் காற்றுக்குக் குறைவில்லை. நீர்தான் போதிய வேகத்தில் ஓடவில்லை. ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே அடைத்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளலாம், வாட்டர் பம்பின் இறக்கைகள் அரித்துப்போயிருக்கலாம். வெளியே துடுப்புத் தகடுகளில் பூச்சியும் சருகும் அப்பியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவது இதற்கெல்லாம் முன்னால். வண்டி எடுத்த ஐந்து நிமிடத்தில் சூடேறி, மேல் ஹோஸைத் தொட்டால் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் வால்வு திறக்க மறுக்கிறது. புளியரை ஏற்றம் இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சோதிக்கும், அதனால்தான் அங்கே சூடானது என்ற தகவல் மட்டும் மெக்கானிக்குக்குப் போதாது.

சில வாடிக்கையாளர்கள் வேறு வகைப் புகாரோடு வருவார்கள். “தண்ணி வாராவாரம் கொறயுது தம்பி, தரையில சொட்டுக்கூட விழல.” இங்கேதான் மூடியின் கட்டம். ஒழுக்கு வெளியே தெரியாமல் நீர் குறைந்தால், ஒன்று மூடி அழுத்தம் பிடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது, டப்பா நிரம்பி வழியும் நீர் ஓடும் சூட்டிலேயே காய்ந்துவிடுகிறது. இல்லையென்றால் ஹெட் கேஸ்கட் கெட்டு நீர் சிலிண்டருக்குள் போகிறது. முதலாவதற்கு மூடி ஒன்று வாங்கினால் போதும். இரண்டாவதில் ஹெட்டைக் கழற்றி, லேத்துப் பட்டறையில் முகம் சமன் செய்து, புது கேஸ்கட் போட்டுத் திரும்பப் பூட்ட வேண்டும். பல்லாயிரம் ரூபாய்ச் செலவு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் இவ்வளவு என்பதால், மலிவான சந்தேகத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து பார்த்திருக்கிறேன். ஹெட்டைக் கழற்றிக் கூட்டிய பிறகும் தண்ணீர் குறையும், அதற்குப் பிறகு மூடியை மாற்றுவார்கள்.

மூடியைச் சோதிக்க அழுத்தமானியோடு கூடிய ஒரு கைப்பம்பு உண்டு. மூடியை அதில் பூட்டி அடித்தால் 0.9-ல் திறக்கிறதா 0.5-லேயே திறக்கிறதா என்று காட்டிவிடும். சிறிய பட்டறைகளில் அது அபூர்வம். அது இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கினால் விறைப்பாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் மூடி பிடிக்கவில்லை. அதே ஹோஸ், காலையில் குளிர்ந்த எஞ்சினை எடுத்த ஒரு நிமிடத்துக்குள்ளேயே கல்போல விறைத்தால் அது நீரின் அழுத்தம் அல்ல, சிலிண்டரிலிருந்து புகை கசிகிறது. கேஸ்கட்டை நோக்கிப் போகலாம். மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை எடுத்தால் நீரில் குமிழி விடாமல் எழும்புவதும், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவதும், ஆயில் காப்பி நிறத்துக்கு மாறுவதும் அதே கட்சி. ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் சின்ன வட்டு அடைத்திருக்கிறது: நீர் திரும்ப முடியாமல், வெற்றிடம் ஹோஸை இழுத்திருக்கிறது. வட்டை நகத்தால் மெல்ல இழுத்துவிட்டால் டக்கென்று தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். ரப்பரில் கழுத்தின் விளிம்பு ஆழமாகத் தடம் பதித்திருந்தால், வெடிப்பு விட்டிருந்தால், யோசிக்கவே வேண்டாம்.

புது மூடி வாங்குவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பல மூடிகள் பார்க்க ஒன்றாகவே இருக்கும், பூட்டினால் பூட்டும். ஆனால் ரேடியேட்டர் கழுத்தின் ஆழம் வண்டிக்கு வண்டி வேறு. ஆழமான கழுத்தில் குட்டையான மூடியைப் போட்டால் காது பிடிக்கும், வில்லோ அடித்தளத்தைத் தொடாது. அழுத்தம் பூஜ்யம். புது மூடி போட்டும் சூடாகிறதே என்று அடுத்து ரேடியேட்டரை மாற்றுவார்கள். இன்னொரு கூட்டம், பலமாக இருக்கட்டும் என்று 0.9 இருக்க வேண்டிய இடத்தில் 1.3 கேட்டு வாங்கும். பத்து வருட ஹோஸும் பழைய பிளாஸ்டிக் தொட்டியும் அந்தப் பலத்தைத் தாங்கக் கடமைப்பட்டவை அல்ல.

திறப்பதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில்தான் முகம் வெந்துபோகிறது. சூடான ரேடியேட்டரில் நீர் 115, 118 டிகிரியில் கொதிக்காமல் அடங்கியிருப்பது அழுத்தத்தால். மூடியைத் திருகிய கணமே அழுத்தம் போய்விடும். 100-க்கு மேலிருக்கும் சூடு முழுவதும் ஆவியாகப் பீறிடும். 118 டிகிரியிலிருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் முப்பது கிராமுக்குச் சற்று மேல் அந்தக் கணமே ஆவியாகும் என்று கணக்குப் போடலாம். அற்பமாகத் தெரிகிறதா? அந்த முப்பது கிராம் ஐம்பது லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும், மிச்சத் தண்ணீரையும் வாரிக்கொண்டு வெளியே வரும். ஈரச் சாக்கைப் போட்டுத் திறக்கும் வீரத்தை மலைப்பாதையில் இன்னும் பார்க்கலாம். வேண்டாம். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்தால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் சிறிய ரேடியேட்டரும் சூட்டை வாங்கிக்கொள்ளும். உள்ளே வேர்த்துக் கொட்டும், ஆனால் முள் இறங்கக்கூடும். இறங்காவிட்டால் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு அரைமணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். ஆறாத எஞ்சினில் சில்லென்ற ஊற்றுத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

ஊற்றும் தண்ணீரைப் பற்றிச் சுரண்டைப் பக்கத்தில் பேசினால் போர்வெல்லில்தான் முடியும். போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, கொதிக்கிற இடத்தில் சுண்ணாம்பாகப் படியும். அரை மில்லிமீட்டர் படிந்தாலும் உலோகத்துக்கும் நீருக்கும் நடுவில் ஒரு சுவர். மூடியின் சின்ன வட்டை அடைப்பதும் அதே சுண்ணாம்பு. பழைய அம்பாசடரின் பித்தளை, செம்பு ரேடியேட்டர் என்றால் தொட்டியைக் கழற்றி, குழாய்களுக்குள் கம்பி விட்டுக் குடைந்து, ஈயம் வைத்துத் திரும்ப ஒட்டுவார்கள். அதற்கென்றே பட்டறைகள் இருந்தன. இன்றைய அலுமினிய ரேடியேட்டரில் அந்தக் கைத்திறனுக்கு வேலையில்லை, கெட்டால் மாற்றுவதுதான். அருவித் தண்ணீர் மென்மையானது என்று குற்றாலத்திலிருந்து கேனில் பிடித்துவந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. தலைக்கு அது நல்லது. அலுமினியத்துக்கு அதில் பாதுகாப்பு எதுவுமில்லை. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சிவடித்த நீரும் கூலன்டும்தான் அங்கே சேர வேண்டியவை.

“நம்ம ஊர்ல என்ன பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?” என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. பனிக்காக இல்லை. அதிலிருக்கும் துருத்தடுப்பு மருந்தும் உயரும் கொதிநிலையும்தான் நமக்கு வேண்டியவை. கடையில் இரண்டு வகை கிடைக்கும்: தண்ணீர் சேர்க்க வேண்டியது ஒன்று, கலந்தே வருவது இன்னொன்று. கலந்ததில் மேலும் தண்ணீர் விட்டுப் பாதியாக்குவதும், கெட்டியானதை அப்படியே ஊற்றுவதும் சமமான தவறுகள். கெட்டியான கூலன்ட் தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது. பட்டறைத் தரையில் சிந்தியதைக் கழுவிவிடாமல் போவது அதைவிட மோசம். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும், நாயும் ஆடும் நக்கும், சிறுநீரகம் போய்ச் சாகும்.

இன்னொரு பழக்கத்தை நான் கடைசிவரை எதிர்ப்பேன். சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கி எறிவது. “நம்ம வெயிலுக்கு வால்வு வேண்டாம் சார்” என்று அனுபவசாலிகளே சொல்கிறார்கள். உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிந்து 82 டிகிரியை ஒட்டித் திறக்கும் அந்தக் கதவு, எஞ்சினைச் சீக்கிரம் பதமான சூட்டுக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்துவதற்காக இருக்கிறது. பிடுங்கிய பிறகு எஞ்சின் பச்சைச் சூட்டிலேயே ஓடும். டீசல் கூடச் செலவாகும், ஆயிலில் ஈரம் தங்கும், கம்ப்யூட்டர் வைத்த எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து எரிபொருளை அள்ளிக்கொடுக்கும். நோய் மூடியில் இருந்திருந்தால் அது அப்படியே இருக்கும்.

இப்போது வரும் பல கார்களில் ரேடியேட்டரின் தலையில் மூடியே இல்லை. அது இடம் மாறி, பக்கத்திலிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவின் மேல் பெரிய கறுப்புத் திருகாக உட்கார்ந்திருக்கிறது. டப்பாவும் அழுத்தத்துக்குள் வந்துவிட்டது. சில ஐரோப்பியக் கார்களில் எண் 1.4. தகட்டுத் தலை போய்ப் பிளாஸ்டிக் தலை வந்தாலும் உள்ளே அதே இரண்டு வால்வுதான். பல மின்சாரக் கார்களிலும் இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் குளிர்விக்கக் கூலன்ட் ஓடுகிறது, அதற்கும் டப்பா, டப்பாவுக்கும் மூடி. பழைய வண்டிக்காரர்களுக்கு இதில் ஒரு தடுமாற்றம். முன்பு கூலன்ட் டப்பாவை எந்தச் சூட்டிலும் திறந்து ஊற்றலாம், அதில் அழுத்தம் இருக்காது. அந்தப் பழக்கத்தில் இதையும் திறக்கிறார்கள். புது வண்டி எடுத்தவர்கள் பானட்டைத் தூக்கி, ரேடியேட்டரில் மூடி இருக்கிறதா, டப்பாவின் மூடியில் எண் பதித்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளலாம். எண் இருந்தால் அந்த டப்பாவையும் ரேடியேட்டரைப் போலவே ஆறிய பிறகுதான் தொட வேண்டும், மாற்றும்போது அதே எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.